பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை

மகள் வேனை ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அடங்கிவிட்டது. ஓடி வந்த வேகத்திலேயே வண்டி சத்தமில்லாமல் உருண்டுபோய், யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி, ஒரு தையல் கடைக்கு நேர் எதிரே நின்றது.

"என்னாச்சு?" என்றார் பக்கத்தில் இருந்த சித்தப்பா.

"நின்னுடுச்சு."

"அது எனக்கும் தெரியுது. ஏன் நின்னுச்சு?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் துணி மூட்டைகள் கிடக்கும் இடத்தில் ஒரு மெத்தை போட்டிருந்தது. மெத்தையில் அப்பா. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. முகத்தையும் மூட வந்த நர்ஸை அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். வண்டி நின்ற குலுக்கலில் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் சீட்டுக்கு மேல் எம்பி, கையை நீட்டி, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல நேராக்கினாள்.

அப்பா பதினேழு வருஷமாக இந்த வேனில்தான் லாண்டரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோனார். போகும்போது வெளுத்தது, வரும்போது அழுக்கு. இன்று காலை மூன்றாவது மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் உட்கார்றேன்" என்று படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்தவருக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. ஆனாலும் டாக்டர் அவளிடம், "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா" என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வண்டி வெளியூர் போயிருந்தது. திரும்ப மாலையாகும் என்றார்கள். "எதுக்குங்க வேற வண்டி? அவர் வண்டி இங்கதானே நிக்குது" என்று வார்டு ஊழியர்களே தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். போர்த்திய போர்வையில் தேய்த்த மடிப்பு கலையாமல் இருந்தது. காலையில் அவர் கொண்டுவந்ததுதான்.

போனில் அம்மா அதிகம் பேசவில்லை. "சீக்கிரம் கூட்டிட்டு வா" என்றாள். கொண்டு வா என்று சொல்லவில்லை.

"பேட்டரிதான்," என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். எதைப் பற்றியும் பேசுவார், எப்போதும் பேசுவார், நடுவில் நிறுத்த முடியாது. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய நேரத்திலிருந்து, சாலையில் எதிரே வந்த எல்லா வண்டிகளையும் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வாய் ஓய்ந்தால் அழுதுவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பேசவிட்டிருந்தாள்.

அவள் ஹாரனை அழுத்தினாள். கணீரென்று அடித்தது. "பேட்டரி இல்ல சித்தப்பா. ஸ்டார்ட்டரும் சுத்துது பாருங்க. சுத்துது, ஆனா பிடிக்கல."

"அப்ப பிளக்கு."

"பார்ப்போம்."

அவளுக்கு வண்டி மெக்கானிக் வேலை தெரியாது. தண்ணீர் மோட்டார், பம்பு, குழாய், இவைதான் அவள் தொழில். ஆனால் ஓடுகிற எதுவும் நின்றுபோனால், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் காரணம் மிஞ்சும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். இன்ஜின் மூடியைத் தூக்கி, பிளக் ஒயர் ஒன்றைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இப்ப சாவியைத் திருப்புங்க." நீலமாக ஒரு பொறி துள்ளியது. கரண்டு இருக்கிறது. அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை உருவிவிட்டு மறுபடி திருப்பச் சொன்னாள். பீச்சியடித்திருக்க வேண்டும். மூன்று சொட்டு விழுந்தது, அதோடு சரி.

"பெட்ரோல் வரல."

"நான் அதைத்தானே சொல்ல வந்தேன்."

அந்த நேரத்தில் தையல் கடையிலிருந்து ஓர் அம்மாள் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறுபது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் தடித்த கண்ணாடி. நிமிர்ந்து பார்க்காமலே ஸ்டூலை வண்டி நிழலில் போட்டாள்.

"இன்னிக்கு என்ன இவ்வளவு லேட்டு? வாங்க, உட்காருங்க. ஊசியெல்லாம் தீர்ந்துபோச்சு." பிறகுதான் நிமிர்ந்தாள். "நீங்க யாரும்மா? அண்ணன் எங்க?"

சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அவர் பொண்ணு," என்றாள். "அப்பா காலையில தவறிட்டார்."

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தான் கொண்டுவந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்தாள்.

"வண்டி தினமும் இங்கதான் நிக்கும்," என்றாள். "போறப்பவும் நிக்கும், வர்றப்பவும் நிக்கும். எட்டு ஒம்பது மாசமா. சூடு ஆறட்டும்னு வந்து உட்காருவார். எனக்குக் கண்ணு சரியா தெரியாது. இத்தனை வருஷம் மிஷின் மிதிச்சதுல போயிடுச்சு. ஒருநாள் நான் ஊசி கோர்க்க முடியாம திண்டாடறதைப் பார்த்துட்டு வாங்கிக் கோர்த்துக் குடுத்தார். அதுக்கப்புறம் அது அவர் வேலையாப் போச்சு. பத்து ஊசி கோர்த்து வரிசையாக் குத்தி வச்சுட்டுத்தான் கிளம்புவார். பத்தும் பத்துக் கலர்."

"இன்னிக்குக் காலையில வந்தாரா?"

"காலையில எனக்கு டாக்டர்கிட்ட போற வேலை. கடை திறக்கவே பதினொண்ணாச்சு. பார்க்கலம்மா."

அப்பா வீட்டில் ஒரு சட்டைப் பொத்தான்கூடத் தைத்ததில்லை. மகள் மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்தாள். பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். காற்று தடையில்லாமல் போயிற்று. அடைப்பு இல்லை. திரும்ப மாட்டிவிட்டு, பம்பு சூடாகி மக்கர் பண்ணுகிறதோ என்று யோசித்தபடியே சாவியைத் திருப்பினாள். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஓட ஆரம்பித்தது.

"பார்த்தியா, கைராசி," என்றார் சித்தப்பா.

"நான் ஒண்ணும் பண்ணல. சும்மா கழட்டி மாட்டினேன்." அதுதான் அவளை உறுத்தியது. காரணம் தெரியாமல் சரியானது, காரணம் தெரியாமல் மறுபடி கெடும்.

அந்த அம்மாள் பின்கதவருகே வந்து நின்றாள். திறக்கச் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தாள். "எனக்கு இங்கேருந்து சரியா தெரியல," என்றாள். மகள் இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியபின் சித்தப்பா பின்னால் திரும்பி அண்ணனைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "அண்ணன் என்கிட்ட இந்த ஊசிக் கதையெல்லாம் சொன்னதே இல்ல," என்றார்.

"வண்டி நிக்குதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. நான் வந்து பார்க்கட்டுமாப்பான்னு அவர்கிட்ட கேட்டேன். வயசான வண்டி, மூச்சு வாங்குது, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்னுட்டார்."

"வண்டியை மாத்துன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

அவள் பாதி காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். மீதி காது இன்ஜினில் இருந்தது. கண் அடிக்கடி கிலோமீட்டர் எண்ணுக்குப் போய் வந்தது. வீட்டிலிருந்து, லாண்டரியும் வீட்டுப் பக்கம்தான், ஆஸ்பத்திரி முப்பத்தாறு கிலோமீட்டர். தையல் கடை ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டில் வந்தது. போகும்போதும் அங்கே நிற்கும், வரும்போதும் அங்கே நிற்கும் என்றால் இது சூட்டுக் கோளாறு இல்லை. சூடு இப்படி அளந்து வைத்துக்கொண்டு வேலை செய்யாது. ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது அல்லது குறைகிறது. ஓர் அளவு வந்ததும் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் சும்மா விட்டால் தானே சரியாகிவிடுகிறது.

இருபத்துநாலு ஆகும்போது அவள் தயாராக இருந்தாள். வண்டி ஒருமுறை இழுத்தது. இன்னொரு முறை இழுத்தது. குலுங்காமல் பார்த்து ஓரம் கட்டினாள். ஒரு வீட்டின் இரும்பு கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கோணல் இல்லாத எழுத்தில், 'இங்கு வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக, 'துணி வண்டியையும்' என்று.

"ஐயையோ," என்றார் சித்தப்பா.

கேட் திறப்பதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. "காலையில அரை மணி நேரம்! இப்ப மறுபடியுமா? இது என்ன வீடா, உங்க வண்டி ஷெட்டா? எத்தனை தடவைய்யா சொல்றது உனக்கு?"

லுங்கியும் பனியனுமாக ஒல்லியான ஒரு மனிதர், கையில் செய்தித்தாளோடு வெளியே வந்தார். ஒரு பள்ளிக்கூடத்து லேபில் முப்பது வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவி, அடுக்கி, எண்ணி ஓய்வு பெற்றவர். இதை அவரே பிறகு சொன்னார். ஓட்டுநர் இடத்தில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்துச் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அப்பா இல்லைங்க," என்றாள் மகள். "இன்னிக்குக் காலையில, ஆஸ்பத்திரியில போய் இறக்கினதும்..." முடிக்க வராமல், தலையால் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் அது மடங்கவில்லை.

"வண்டி நின்னா திட்டாதீங்க சார்," என்றார் சித்தப்பா. குரல் உடைந்திருந்தது. "நாங்க வேணும்னு நிறுத்தல. பெட்ரோல் தீர்ந்திருக்கும். பெட்ரோல் முள்ளு வேற வேலை செய்யல. டேங்க்ல குச்சி விட்டுப் பாரும்மா."

சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவர் அதைச் சொன்னார். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவள் போனாள். வண்டியின் பக்கவாட்டில் குனிந்து டேங்க் மூடியைத் திருகினாள். பாதிச் சுற்றில் மூடியின் அடியிலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. நீளமான சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம்.

அவள் கை அப்படியே நின்றது.

மேல்தொட்டியில் காற்றுக் குழாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அவர்களிடம் அவளே சொல்வாள்: உள்ள காத்து போனாத்தாங்க வெளிய தண்ணி வரும். டேங்கிலும் அதேதான். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடும். பன்னிரண்டு கிலோமீட்டரில் அது பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிஷம் நின்றால் எங்கோ ஒரு மயிரிழை வழியாகக் காற்று கசிந்து, பிடி தளரும். மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். எல்லா மூடியிலும் இருக்கும். இதில் இல்லை.

இல்லாததற்குக் காரணம், இந்த மூடியைச் செய்தவள் அவள்.

போன வருஷம் பழைய மூடி வெடித்துப்போய், விரிப்பிலெல்லாம் பெட்ரோல் வாடை வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டார்கள். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொன்னார். பழைய பம்பு ஒன்றின் பித்தளை அடைப்பானை எடுத்து, கடைசல் பிடித்து, மரை போட்டு, அடியில் ரப்பர் வாஷர் அவளே வெட்டி வைத்து, இரண்டாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இனிமே ஒரு சொட்டு வாசம்கூட வெளிய வராதுப்பா." அப்பா அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

"மூடிதாம்மா," என்றார் அந்த மனிதர். எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே சொல்லிட்டேன். அவருக்கும் தெரியும். அவர் என்ன நேத்துப் பிறந்தவரா? மூடியைத் திறந்து மூடினா ஒரு நிமிஷத்துல கிளம்பலாம். கிளம்ப மாட்டார். அதான் எங்களுக்குள்ள சண்டை. ஊசி நுழையற அளவு ஒரு ஓட்டை, உள்ள வாங்க, என்கிட்ட கை டிரில் இருக்கு, நானே போட்டுத் தர்றேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கலையே! என் பொண்ணு செஞ்சு குடுத்தது, அதுல போய் ஓட்டை போடச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனான்னு என்னையே திட்டுவார். சரி, பொண்ணுகிட்டயாவது சொல்லுய்யான்னேன். சொன்னா அவ முகம் சுருங்கிடும்னார்."

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பித்தளை பளபளவென்றிருந்தது. ஒன்பது மாதமாகச் சாலைப் புழுதியில் ஓடுகிற வண்டியின் மூடி இப்படி இருக்காது.

நெஞ்சுக்குள் தங்கியிருந்த முள் அப்போது அசைந்தது. அவள் நிமிராமலே கேட்டாள்.

"இன்னிக்குக் காலையில இங்க எவ்வளவு நேரம் நின்னார்?"

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கையிலிருந்த மூடியைப் பார்த்தார். கடைசியாகச் சுவரில் தானே எழுதிய எழுத்துகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு நிக்கவே இல்லம்மா," என்றார். "ஹாரன் அடிச்சார், கையைக் காட்டினார், போயிட்டார். நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். சிரிச்சுக்கிட்டேதான் போனார்."

காலையில் அரை மணி நேரம் என்று ஐந்து நிமிஷம் முன்னால் கத்தியவர் அவர்தான். தெருவுக்கே கேட்டிருக்கும். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். சித்தப்பா அடங்கினார்.

"சரிங்க," என்றாள் அவரிடம். "நல்லது."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த அரை மணி நேரத்தை இனி அவர் எங்கே வைத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றியது. அவரிடம் அதைக் கேட்க முடியாது. பொய் சொல்ல அவருக்குப் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. சொன்னபின் எட்டாக மடித்த செய்தித்தாளை மறுபடி பிரித்தார்.

"டிரில் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார். "ரெண்டு நிமிஷ வேலை. வழியில மறுபடி நிக்காது."

அவள் மூடியை வைத்து நிதானமாகத் திருகினாள். ரப்பர் வாஷர் நன்றாகப் பிடித்து உட்கார்ந்தது. கையால் ஒருமுறை துடைத்தாள்.

"வேணாங்க. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போயிடும்."

அவர் பின்கதவைத் தானே திறந்தார். தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் நின்றார். "திட்டினதெல்லாம் மனசுல வச்சுக்காதய்யா," என்று அவர் சொன்னது சித்தப்பாவுக்குக் கேட்டது. அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த ரேடியோ அங்கேதான் அழுதது. சாலையோரத்தில், சுவரில் கைவைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. மகள் அழவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொடுத்து வண்டியில் ஏற்றி உட்காரவைத்தாள்.

மீதி தூரம் அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். பள்ளம் வந்தபோதெல்லாம் கியரைக் குறைத்தாள். கடைசி வளைவில் இன்ஜின் ஒருமுறை இழுத்தது. "கொஞ்சம், கொஞ்சம்," என்று வாய்விட்டுச் சொன்னாள். வண்டி தெருவுக்குள் நுழைந்து, வீட்டு வாசலுக்கு இரண்டு வீடு முன்னால் அடங்கியது. அங்கே காத்திருந்தவர்கள் யாரும் சொல்லாமலே வந்து தள்ளினார்கள்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். தலை வாரி, வேறு புடவை மாற்றியிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"வழியில ரெண்டு இடத்துல நிக்க வேண்டி வந்துச்சும்மா."

"ம்," என்றாள் அம்மா.

நாலு பேர் தூக்குவதற்கு முன்னே வந்தார்கள். அம்மா கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, தானே பின்கதவருகே போனாள். கால் எட்டவில்லை. மகள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அம்மா உள்ளே போய் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினாள். பிறகு கையை நீட்டி உள்ளிருந்தே கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது, நேரமாகுதே," என்றார் யாரோ.

"கொஞ்சம் பொறுங்க," என்று மகள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

உள்ளே அம்மா பேசுகிற சத்தம் கேட்டது. அழுகை இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தவரிடம் வீட்டு விஷயம் சொல்வதுபோல, இடையிடையே நிறுத்தி நிறுத்தி, தாழ்ந்த குரல். இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் மகள் கதவிலிருந்து முதுகை எடுத்தாள். வார்த்தைகள் கேட்காத தூரத்துக்கு நான்கு அடி தள்ளிப் போய், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.